நாத்தனார் முடிச்சு

மல்லேஸ்வரம், பெங்களூரு
20 ஜனவரி 2024

அன்புள்ள பிரபாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நான் நலம்தான். சளி மட்டும் பொங்கலுக்கு வந்த விருந்தாளி மாதிரி இன்னும் கிளம்பாமல் இருக்கிறது. நீ, சிவசங்கரன், பாப்பா எல்லோரும் சுகமா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

'அண்ணி' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன அக்டோபரில் கோர்ட்டில் எல்லாம் முடிந்தது. உன் அண்ணனுக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். உனக்கும் எனக்கும் நடுவில் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இனி யாரும் யாருக்கும் போன் பண்ணக் கூடாது என்று பேசி முடித்தார்கள். தபால் என்று ஒன்று இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரிலேயே உட்கார்ந்திருக்கும் நாத்தனார் எனக்கு வாய்த்தது நல்லதாகப் போயிற்று.

வேலை அதே டப்பிங் ஸ்டுடியோதான். இந்தி சீரியலுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். உதடு மூடும் இடத்தில் ப, ம வர வேண்டும், திறக்கும் இடத்தில் வரக் கூடாது. நாள் முழுக்க மற்றவர்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தது போலத் தோன்றுகிறது. காலைப் பனியில் சம்பிகே ரோடு பாதிதான் தெரிகிறது. பூக்காரி, நாய், கோயில் மணி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. இந்த ஊரில் நானும் இன்னும் முழுசாக விழித்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

உன் அண்ணனுக்காக அழ வேண்டியதை அழுது தீர்த்துவிட்டேன். நாங்கள் இருவரும் கெட்டவர்கள் இல்லை, ஒத்துப் போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் உன்னையும் இழந்தால் என்னால் தாங்க முடியாது, பிரபா. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாப்பாவுக்கு முத்தம்.
இளவேனில்

ஆரணி
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

பிரபா வணக்கம். எல்லோரும் நலம். அம்மா முழங்காலுக்குத் தைலம் மாற்றியிருக்கிறாள். வலி போனதோ இல்லையோ, வீடு முழுக்க வாசனை. உங்கள் சளிக்கு மிளகுப் பால் குடியுங்கள். சோம்பல் படக் கூடாது.

அண்ணி என்று எழுத எதற்கு யோசனை? எனக்கு யோசனை இல்லை.

உங்கள் சீரியலை நாங்கள் விடாமல் பார்க்கிறோம். அதில் வரும் நாத்தனார் பாலில் மாத்திரை கலக்கிறாள், படியில் எண்ணெய் ஊற்றுகிறாள், நகையை ஒளித்து வைக்கிறாள். இதையெல்லாம் தமிழில் எழுதுவது நீங்கள்தானே? எங்கள் குலத்துக்கே கெட்ட பெயர். கவுண்டருக்கு வரும் ஒரு அம்மா நேற்று என்னிடமே, "நாத்தனாருங்கள நம்பவே கூடாது கண்ணு"ன்னு சொல்லிட்டு ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு போனாள். ஒரு நாளாவது அவளை ஒரு நல்ல காரியம் செய்ய விடுங்கள்.

தேர்தல் வருகிறது. எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு கட்சி, மாமனாருக்கு ஒரு கட்சி, எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. ரிமோட் ஒன்றுதான். ராத்திரி விவாதம் ஆரம்பித்தால் டிவியில் நாலு பேர், ஹாலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் ரசம் நன்றாக இருக்கிறது என்பதில் மட்டும் கூட்டணி.

அம்மா இப்போதெல்லாம் அடிக்கடி பெங்களூரு பக்கம் ஹெப்பகோடிக்குப் போய் வருகிறாள். சும்மாதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் நாத்தனார் (பாலில் எதுவும் கலக்காதவள்),
பிரபா

மல்லேஸ்வரம்
12 மார்ச் 2024

அன்புள்ள பிரபா,

நலம். சளி போய்விட்டது, தண்ணீரும் போய்விட்டது. டிவியில் பார்த்திருப்பாய். பாதி ஊரில் போர்வெல் வற்றிவிட்டது. எங்கள் தெருவில் டேங்கர் வரும் சத்தம் கேட்டால் பஜனை கோஷ்டி மாதிரி எல்லோரும் குடத்தோடு வெளியே வந்துவிடுகிறோம்.

வீட்டுக்காரர் கோவிந்தராஜன் தெரியும் அல்லவா? நாலு தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழர். காவிரி என்று பேச்சு வந்தால் மட்டும் கன்னடக்காரர் ஆகிவிடுவார். நேற்று வாளியைப் பிடித்துக்கொண்டு, "ஏனம்மா, உங்க ஊரும் எங்க ஊரும் இத்தனை வருஷம் காவேரிக்கு சண்டை போட்டது. ஈக நோடு, இப்போ பாரு, ரெண்டு பேருக்கும் டேங்கர்தான்" என்றார். சொல்லிவிட்டு அவருடைய வாளியிலிருந்தே என் குடத்தில் பாதி ஊற்றினார்.

மரங்களுக்கு மட்டும் இது எதுவும் தெரியவில்லை. தெரு முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டுகிறது. ஒரு கனவு கண்டேன். ஊரில் உள்ள எல்லாக் குழாயும் ஒரே சமயத்தில் திறக்கிறது, தண்ணீருக்குப் பதில் பூ வருகிறது. யாரும் ஏமாற்றமாகவே இல்லை. பக்கெட் பக்கெட்டாகப் பூவைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டு போகிறார்கள். நீயும் நின்றாய். கொலுசு போட்டிருந்தாய்.

உன் கடிதத்தை மறுபடி படித்தேன். தைலம், ரசம், ரிமோட் எல்லாம் இருக்கிறது. உன் அண்ணனைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வலிக்கும் என்று விட்டிருந்தால், விட வேண்டாம். நீ சொல்லாமல் விடுவதுதான் அதிகமாக வலிக்கிறது.

அன்புடன்,
இளவேனில்

ஆரணி
15 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். தாமதத்துக்கு மன்னிக்கவும். தேர்தல் நேரம், ஆபீஸில் தபால் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதனால் கார்டு. எங்களுக்கு 19ஆம் தேதி ஓட்டு. உங்களுக்கு 26 என்றார்கள். வெயிலில் குடை எடுத்துப் போங்கள். அண்ணன் நலம்.

பிரபா

மல்லேஸ்வரம்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள பிரபா,

கார்டு கிடைத்தது. குடை எடுத்துப் போனேன்.

என் ஓட்டு இன்னும் நானும் உன் அண்ணனும் குடியிருந்த ஹெப்பகோடி வீட்டு விலாசத்தில்தான் இருக்கிறது. மாற்றிக்கொள்ளச் சோம்பல் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சோம்பல் மட்டும் இல்லை என்று அன்றைக்குப் பஸ்ஸில் போகும்போது தெரிந்தது. புது மெட்ரோ பாதை தலைக்கு மேலே தயாராக நிற்கிறது, ரயில் இன்னும் ஓடவில்லை. ஸ்டேஷன்களெல்லாம் விளக்கு இல்லாமல் மேலே மிதந்துகொண்டிருந்தன. நான் மட்டும் ஏறி, யாரும் இல்லாத ரயிலில் பழைய வருஷங்களுக்குப் போவது போல இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அதே நீல ஜன்னல், அதே வரிசை. பட்டியலைப் பார்த்த பெண் சத்தமாகப் படித்தாள்: "இளவேனில். கண்ட, ரகுராம்." கன்னடத்தில் கண்ட என்றால் கணவன். ஏஜென்ட்டுகள் தலையை ஆட்டிப் பேரை அடித்தார்கள். அரசாங்கத்தின் ஒரு கோர்ட் பிரித்து வைத்ததை இன்னொரு மேஜை சேர்த்தே வைத்திருக்கிறது. சிரிப்பு வந்தது. மை வைக்கும்போது கண்ணிலும் வந்தது.

வெளியே உன் அண்ணன் நின்றிருந்தார். முன்னாலேயே ஓட்டுப் போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். "இளநி குடிக்கிறியா?" என்றார். குடித்தோம். யாருக்குப் போட்டாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முன்பெல்லாம் அதற்கே ஒரு வாரம் சண்டை போடுவோமே. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆவணியில எனக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க. பிரபா எழுதியிருப்பாளே" என்றார்.

நாம் எழுதிக்கொள்வது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எழுதினாளே" என்றேன். உன்னை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. வாழ்த்தும் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன், பாதி மனசு. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் மேல் கோபமே வரவில்லை. உன் மேல்தான் வந்தது.

இளவேனில்

ஆரணி
22 மே 2024

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

திட்டுங்கள். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. சொல்லிவிட்டால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன். கவுண்டரில் ஊர்க்காரர்கள் தபாலையெல்லாம் பிரித்து அடுக்குகிறேன். அதில் உங்கள் கையெழுத்து வருகிற அன்றைக்கு எனக்குத் திருவிழா. அது நின்று போக வேண்டாம் என்று நினைத்தேன்.

பெண் பெயர் ஸ்னேஹா. சந்தாபுராவில் வீடு. படுத்த படுக்கையாக இருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப் போனதாம். முதல் கல்யாணம்தான். அதிகம் பேசுவதில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் உட்காரும் வரை உட்காரவில்லை. பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பிடித்துவிட்டது. அதுவும் எனக்குக் குற்றமாக இருக்கிறது.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். முதல் முடிச்சு அண்ணன் போடுவான். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும். உங்களுக்கு நான் போட்டேன். பதற்றத்தில் இறுக்கிவிட்டேன், நீங்கள் சாயங்காலம் வரை கழுத்தைத் தடவிக்கொண்டே சிரித்தீர்கள். அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அதே கையால் இன்னொருத்திக்குப் போடலாமா, அண்ணி? அம்மாவைக் கேட்டால் போடு என்பாள், அவரைக் கேட்டால் இதெல்லாம் ஒரு விஷயமா என்பார். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைத்தான் செய்வேன்.

பிரபா

மல்லேஸ்வரம்
3 ஜூன் 2024

பிரபா,

உடம்பு நலம். நேற்று இங்கே கொட்டிய மழையில் ஊரே மிதந்தது. மார்ச்சில் குடத்தோடு அலைந்த தெருவில் ஸ்கூட்டர் மூழ்கிக் கிடக்கிறது. நாளைக்கு ஓட்டு எண்ணுகிறார்கள். கோவிந்தராஜன் மாமா டிவிக்கு முன்னால் நாற்காலியை இன்றைக்கே போட்டுவிட்டார். யார் வந்தாலும் இந்தச் சாக்கடை இப்படியேதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஆர்வமாக உட்கார்ந்திருக்கிறார்.

நீ கேட்டாய். பெரிய மனசோடு பதில் எழுத வேண்டும் என்று மூன்று தாள் கிழித்துவிட்டேன். வரவில்லை.

போடாதே.

கல்யாணத்துக்குப் போ. விளக்குப் பிடி, சந்தனம் கொடு, பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடு. முடிச்சை மட்டும் நீ போடாதே. அந்த வீட்டில் எனக்கென்று இருந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் கை மட்டும் என்னுடையதாக இருக்கட்டும்.

இளவேனில்

மல்லேஸ்வரம்
26 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரபா,

நலம்தானே? ஜூனில் நான் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. நானும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

போன வாரம் சீரியலில் கல்யாணக் காட்சி. நீ கேட்டுக்கொண்டபடி எந்த நாத்தனாரையும் என்னால் நல்லவளாக்க முடியவில்லை, கதை வேறு யாரோ எழுதுகிறார்கள். தாலி கட்டும் இடத்தில் வசனமே கிடையாது. எனக்கு வேலை இல்லை. சும்மா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைக் குனிந்து, பின்னால் யார் கையாவது படும் என்று காத்திருக்கிறாள். யாரோ ஒருத்தர் நம்மையும் அந்த வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிற முகம். எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் அந்த முகம் இருந்திருக்கும். உன் கை படுகிற வரைக்கும் எனக்கு உதறிக்கொண்டுதான் இருந்தது. நீ பட்டதும் நின்றது.

ஸ்னேஹாவுக்கு அது நடிப்பு இல்லை. ஜூனில் எழுதியதை மறந்துவிடு. போடு, பிரபா. இன்றே தபாலில் சேர்க்கிறேன். உன் கைக்கு நேரத்தில் கிடைக்க வேண்டும்.

உன்,
இளவேனில்

ஆரணி
14 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலமா? உங்கள் கடிதம் நாங்கள் பெங்களூரு கிளம்பிய பிறகு ஆரணிக்கு வந்திருக்கிறது. திரும்பி வந்து டியூட்டியில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊரார் தபாலையெல்லாம் நேரத்துக்குக் கொடுக்கிறவளுக்குத் தன் தபால் பிந்திவிட்டது.

நான் போடவில்லை.

எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. காரணம் சொன்னால் உங்கள் பெயர் வரும். அதனால் முகூர்த்தத்தன்று காலையில், நான் தூரம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். அந்த மூன்று நாளில் மணவறைப் பக்கம் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் அல்லவா? யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்டபத்துப் பின்பக்கம் பாத்திரம் வைக்கிற அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து கெட்டிமேளத்தைச் சுவர் வழியாகக் கேட்டேன். என் அண்ணன் கல்யாணம், அண்ணி. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சித்தி மகள் போட்டாளாம். அதற்கு முன்னால் ஸ்னேஹா திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம், "பிரபா அக்கா எங்க?"ன்னு இரண்டு தடவை கேட்டாளாம். மாப்பிள்ளையின் தங்கையே வரவில்லை என்றால், தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதானே நினைப்பாள்?

அம்மாவுக்கு என் தேதி தெரியும். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். ஓசூர் தாண்டியது. அப்புறம், "இனிமே அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படிடி முழிப்ப?"ன்னு கேட்டாள்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கேட்டது நான்தான். ஆனால் கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

பிரபா

மல்லேஸ்வரம்
27 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரபா,

நீ எழுத வேண்டாம். படித்தால் போதும்.

பாத்திர அறையில் உன்னை உட்கார வைத்தது சித்தி இல்லை, நான். உன் கை என்னுடையதாக இருக்கட்டும் என்று எழுதியபோது அது அன்பு என்றுதான் நினைத்தேன். கனவிலேயே நடந்துகொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் காலை மிதித்துவிடுகிறோம். அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று பெருமையாக இருந்தேன். செய்துவிட்டேன்.

ஐப்பசியில் தாலி பிரித்துக் கோப்பார்கள். எனக்கும் மூன்றாம் மாதம்தான் செய்தார்கள். பழைய கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக் கயிற்றில் குண்டும் காசும் சேர்த்துக் கட்டும்போது மறுபடியும் முடிச்சுப் போட வேண்டும். அதை நீ போய்ப் போடு. யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே. அவள் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடு. பழி என் மேல் இருக்கட்டும். அவளுக்கும் எனக்கும் பழக்கம் இல்லை, அதனால் நஷ்டம் இல்லை.

இறுக்காதே. கொஞ்சம் தளர்வாகப் போடு.

இளவேனில்

ஆரணி
12 நவம்பர் 2024

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

மேலே யாருக்கு என்று எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

ஹெப்பகோடி வீட்டில்தான் வைத்தார்கள். அதிகக் கூட்டம் இல்லை. ஸ்னேஹாவைக் கிழக்கே பார்த்து மணையில் உட்கார வைத்தார்கள். மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றைக் கழுத்தில் போட்டுவிட்டுப் பழையதைக் கழற்றினார்கள். சித்தி மகள் வழக்கம்போல முன்னால் வந்தாள். "நான் போடுறேன்" என்றேன். அம்மா தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

ஸ்னேஹா திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லோருக்கும் முன்னால் கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு ஏன் வரல அக்கா?"

நானும் மெதுவாகச் சொன்னேன். தூரம் இல்லை, பொய் சொன்னேன் என்றேன். உங்களுக்குப் போட்ட கையால் மறுபடி போட மனசு வரவில்லை என்றேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதியதை மட்டும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லச் சொன்னீர்கள், எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவள் கேட்டாள், "இப்ப அவங்களுக்குத் தெரியுமா?"ன்னு. தெரியும் என்றேன். "என்ன சொன்னாங்க?"

"இறுக்காம, தளர்வாப் போடச் சொன்னாங்க."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அப்புறம் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

போட்டேன். முடித்துவிட்டு, "ஆச்சு அண்ணி" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது, நான் யாருடைய சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதனால்தான் மேலே எதுவும் எழுதவில்லை. ஒரே அண்ணன்தான் எனக்கு. இரண்டு பேரை அண்ணி என்று கூப்பிட முடியவில்லை. அக்கா என்று எழுதிப் பார்த்தேன், புதுச்செருப்பு மாதிரி இருக்கிறது. பெயர் சொல்லி எழுத வளர்ப்பு விடவில்லை. நான் உங்களை இனி என்னவென்று கூப்பிடுவது?

பிரபா

மல்லேஸ்வரம்
18 நவம்பர் 2024

அன்புள்ள பிரபா,

நலம். படித்தேன். அழுதேன். அப்புறம் வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். கனவு ஒன்றும் வரவில்லை.

கூப்பிடுவதற்குப் பெயர் நான் எழுதித் தர மாட்டேன். மற்றவர்கள் உதட்டுக்கு வார்த்தை எழுதியே அலுத்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா. யாரையும் கேட்க வேண்டாம். சம்பிகே ரோடு ஸ்டேஷனில் இறங்கி யாரிடமாவது கோவிந்தராஜன் வீடு என்று கேள், சொல்வார்கள். மாடிக்கு வந்து கதவுக்கு வெளியே நின்று, அந்த நேரத்தில் வாயில் என்ன வருகிறதோ அப்படிக் கூப்பிடு.

நான் திறக்கிறேன்.

இளவேனில்